காதுக்குள் மட்டும் இருந்த குரல்

பாண்டுங்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள இமாஸ் அண்ணிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் நாத்தனார் தித்தா எழுதுவது. தைவானில், உங்கள் தைச்சுங்கில் குளிர் வந்துவிட்டது என்று அங்கிருந்து லீவில் வந்திருக்கும் எந்தின் அக்கா சொன்னார். நீங்கள் பார்த்துக்கொள்ளும் பெரியவர் நடக்க ஆரம்பித்துவிட்டாராமே, நல்லது. இங்கே அம்மா நலம். உங்கள் மகள் கிரானா நலம், முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. என்னைக் கேட்டால், இருக்கிறேன்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். கிலார் அண்ணனை அடக்கம் செய்த அன்று நான் ஃபோனைப் பிடித்து உங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். மண் தள்ளும் நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. அதிலிருந்து நீங்கள் ஃபோனை எடுப்பதில்லை. குரல் பதிவு அனுப்பினால் திறப்பதில்லை. எழுதி அனுப்பினால் "ம்" என்று ஒரு எழுத்து வருகிறது. குறை சொல்லவில்லை அண்ணி. நானே வீட்டில் அந்த ஒரு எழுத்தில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். எந்தின் அக்கா லீவு முடிந்து திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்பினால் பிரித்துப் படிக்காமல் எங்கே போவீர்கள்? கூடவே மரவள்ளி வடகமும் மிளகாய்ச் சம்பலும் வைத்திருக்கிறேன். சம்பல் அம்மா அரைத்தது, அதனால் நம்பிச் சாப்பிடலாம்.

முக்கியமான செய்திக்கு வருகிறேன். எங்கள் குழுவின் பாட்டு வெளிவந்துவிட்டது. அண்ணன் லேசில் பச்சை விழாத கியாராசொண்டோங் சிக்னலில் வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்து மெட்டுப் போட்டாரே, அதே "சிக்னல்" பாட்டுதான். ஒற்றைப் பாட்டாக, சிங்கிளாக வெளியிட்டோம். அவர் முடித்து வைத்துவிட்டுப் போன கடைசிப் பாட்டு, கம்ப்யூட்டரில் தூங்க வேண்டாம் என்று தோகு சொன்னான். எங்கள் டிரம்மர் தோகுவை உங்களுக்குத் தெரியும், கல்யாணத்தில் மூன்று தட்டு சோறு சாப்பிட்டவன்.

அது பிய்த்துக்கொண்டு ஓடுகிறது அண்ணி. ஆங்கோட் ஷேர் வேனில் போடுகிறார்கள், பக்சோ சூப்புக் கடையில் போடுகிறார்கள், முனையில் ஃபோன் ரிப்பேர் செய்கிறவர் நாள் முழுக்க அதையேதான் போடுகிறார். எத்தனை வருடம் இதற்குத்தானே அலைந்தோம்! இப்போது கேட்டவர்கள் எண்ணிக்கை ஏறுவதை யாரோ ஒருவருடைய மின்சார மீட்டரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறேன். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஆனால் அந்தப் பாட்டில் ஒரு தவறு நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் எங்கள் மேடையைப் பார்த்தது ஒரே தடவை, அதுவும் காதைப் பொத்திக்கொண்டு. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். எங்கள் பாட்டில் பாதி சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து வருவது. அது யாருக்காகவும் காத்திருக்காது, நாங்கள்தான் அதோடு சேர்ந்து ஓட வேண்டும். அதற்காகப் பாடும்போது எங்கள் காதில் ஒரு இயர்போன் இருக்கும். அதில் தாளம் டிக் டிக் என்று ஓடும். அதன் மேல் அண்ணனுடைய குரல் வழி சொல்லிக்கொண்டே வரும். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இப்போ பல்லவி. தோகு, மெதுவா." எல்லாப் பாட்டுக்கும் முன்னாலேயே பேசிப் பதிந்து வைத்திருந்தார். கூட்டத்துக்கு அது கேட்காது. எனக்கும் தோகுவுக்கும் மட்டும்தான்.

"சிக்னல்" பாட்டில் நடுவே எல்லாம் அடங்கி ஒரு அமைதி வரும். அது முடிகிற இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் பிந்துவேன். அண்ணன் கடுப்பாகி, "ஏண்டி, சிக்னல் பச்சையாகி எவ்ளோ நேரமாச்சு, பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அடிக்கிறான்"னு திட்டுவார். கடைசியில் எனக்காகவே அந்த இடத்தில் ஒரு வரி பேசிப் பதிந்தார். "மூச்சை இழு... வா." அவ்வளவுதான். அதட்டல் இல்லாமல், தூங்குகிற குழந்தையை எழுப்புவதுபோல. அதற்குப் பிறகு நான் பிந்தியதே இல்லை.

பாட்டை வெளியிடும் முன் அந்தக் குரல் இருக்கும் ட்ராக்கை நிறுத்திவிட வேண்டும். எப்போதும் அண்ணன்தான் செய்வார், எங்களுக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே மறந்துபோயிருந்தது. அவர் காய்ச்சலில் போன பிறகு நானும் தோகுவும் சேர்ந்து பாட்டை இணையத்தில் ஏற்றினோம். ஏற்றும் முன் திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிபார்த்தோம். அவர் எண்ணுகிற சத்தம், பல்லவி என்று சொல்கிற சத்தம், எல்லாம் உள்ளே அடங்கி லேசாகக் கேட்கிறது. அந்த அமைதியில் மட்டும் "மூச்சை இழு... வா" பளிச்சென்று கேட்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை அண்ணி. எங்களுக்கு அந்தப் பாட்டில் அவர் குரல் இல்லாத நாளே கிடையாது. வேறு யார் காதாக இருந்தாலும் உடனே பிடித்திருக்கும்.

கேட்கிறவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். "அந்த ஆம்பளை யாரு? எனக்கே சொல்ற மாதிரி இருக்கு" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். எந்த ஆம்பளை என்று நான் தோகுவிடம் கேட்டேன். அவன் போட்டுக் கேட்டுவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தான். "ஐயோ, கிலார் வெளியே போயிட்டான்"னான். வீட்டுக்குள் இருந்த ஆள் கதவு திறந்து கிடந்ததில் தெருவுக்குப் போய்விட்டதுபோல அப்படிச் சொன்னான்.

இப்போது என்னவென்றால், அண்ணன் குரல் இல்லாத பாட்டை அனுப்பினால் மாற்றிவிடலாம். மாற்றினால் பழையது எல்லா இடத்திலிருந்தும் போய்விடும். தோகு கூடாது என்கிறான். நான் முதலில் மாற்றத்தான் நினைத்தேன். ஒளிக்காமல் சொன்னால் பொறாமை. அவர் போன பிறகு மேடையில் என் காதுக்குள் மட்டும் அவர் இருந்தார். அதையும் எடுத்து ஊருக்குப் பங்கு வைத்தாகிவிட்டதே என்று இருந்தது.

அம்மாவுக்குக் கோபம். "நூறாம் நாள் ஓதி முடிக்கலை, அதுக்குள்ள எம்புள்ளை பக்சோ கடையில நின்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கான். ஈர ஒயருன்னு குழுவுக்குப் பேரு வெச்சப்பவே நினைச்சேன், உருப்படாதுன்னு." இப்படித் திட்டுகிற அம்மா, சந்தைக்குப் போகும்போது அந்த ஃபோன் ரிப்பேர் கடை வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறார். அந்த வரி வந்து போன பிறகுதான் பையைத் தூக்குகிறார். கடைக்காரர் ஒரு நாள், "என்ன ரிப்பேர்மா?" என்று கேட்டாராம். "ஒண்ணுமில்ல, கால் வலி"ன்னு சொன்னாராம். கிரானாவோ பாட்டு முழுவதும் பாடுகிறாள், அப்பா வரி வந்தால் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு அதையும் சொல்கிறாள். மாற்றுவதா வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "என்னை ஏன் கேக்கிறே? பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்காளே, அவளைக் கேளு" என்றார்.

போன சனிக்கிழமை ஒரு கல்லூரி மைதானத்தில் வாசித்தோம். மழை வரும்போல இருந்த சாயங்காலம். மேடையிலும் குரல் வெளியே போய்விடுமோ என்று தோகு பயந்துபோய், இயர்போனுக்கு வரும் அண்ணன் குரலை எடுத்து வைத்துவிட்டான். வெறும் டிக் டிக் மட்டும் ஓடியது. என்னிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை போல. "சிக்னல்" நடுவில் அந்த அமைதி வந்தது. நான் காத்திருந்தேன். காதில் யாரும் இல்லை. அப்போதுதான் அண்ணி, அவர் செத்துப்போனது எனக்குத் தெரிந்தது. குழியில் இறக்கியபோதுகூடத் தெரியவில்லை. என் இடம் வந்துவிட்டது என்று தெரிகிறது, வாய் திறக்கவில்லை.

கீழே நின்ற பிள்ளைகள் அந்த வரியைச் சொன்னார்கள். பாட்டில் அது இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியுமே, அவ்வளவு பேரும் சேர்ந்து, "மூச்சை இழு... வா!" என்றார்கள். நான் மூச்சை இழுத்தேன். சரியான இடத்தில் பாடினேன். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் ஆறிப்போன சிரெங் வடை இரண்டு தின்றேன். அழவில்லை. ஆனால் உப்பு குறைவு என்று தெரிந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக நாக்குக்கு ருசி தெரிந்தது.

அதனால் என் எண்ணம் மாறிவிட்டது. அது அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. ஆனால் அவர் உங்கள் புருஷன். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவோம், தோகு முறைத்தாலும் சரி. பாட்டை உங்கள் ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறேன், எப்போதும்போலத் திறக்காமல் கிடக்கிறது. அங்கே யாராவது நம் ஊர்க்காரர் ஃபோனில் எதிர்பாராமல் கேட்டு நீங்கள் நடுவழியில் நின்றுவிடக் கூடாது. அதுதான் என் பயம். அதற்கு முன்னால் நீங்களாக உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பெரியவர் உறங்குகிற ஒரு மதிய நேரம் பார்த்துக் கேளுங்கள். முடித்ததும் கூப்பிடுங்கள். "ம்" என்று எழுத வேண்டாம், கூப்பிடுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டால் போதும், எந்த இடத்தில் பேச ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் சொல்லி முடித்த பிறகு ஃபோனைக் கிரானாவிடம் கொடுக்கிறேன். அவளுக்குப் பல் விழுந்த கதை இருக்கிறது, வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உங்களுக்காகவே வைத்திருக்கிறாள்.

அல்லாஹ் உங்களைக் குளிரிலிருந்தும் தனிமையிலிருந்தும் காக்கட்டும். ஃபோன் என் கையிலேயே இருக்கும்.

உங்கள் நாத்தனார்,
தித்தா