மேட்டுக்கான பல்சக்கரம்

தம்பி,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடு. நீ எழுந்திருக்கும்போது நான் கடையில் இருப்பேன்.

உன் சைக்கிள் தயார். "அந்த கியரைக் கழட்டித் தூக்கிப் போட்டா நிம்மதி"ன்னு போன வாரம் முணுமுணுத்தாயே, இரண்டு மாதத்தில் என் காதுபட நீ பேசியது அது ஒன்றுதான். கழட்டிவிட்டேன். புதிதாக எதுவும் வாங்கவில்லை. பழைய செயினையே வெட்டிக் கோத்தேன். கழட்டிய சக்கரங்கள் விட்ட இடைவெளிக்குக் குழாய்த் துண்டுகளை அறுத்துப் போட்டேன். சாவி வெட்டுகிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

பின்னால் இருந்த ஏழு பல்சக்கரங்களில் ஒன்றைத்தான் விட்டுவைக்க முடியும். சமதரையில் ஓட்ட, நடுவில் இருக்கும் சக்கரமே சரி என்று எடுத்தேன். அது துருப்பிடித்துக் கிடந்தது. மேடு ஏறுவதற்கான பெரியது மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. நீ வேலை செய்யும் அச்சகத்துக்குப் போகிற வழியில் மேடு ஏது என்று யோசித்தேன். பாலம் வழியாகச் சுற்றிப் போனால்தான் மேடு. என் கடையைத் தாண்டாமல் போக அதை விட்டால் வேறு வழியும் இல்லை.

இரண்டு மாதம் முன்பு, கடைக்கு வந்தவர்கள் முன்னால் உன்னை அப்படித் திட்டியிருக்கக் கூடாது.

பெரியதையே விட்டுவைத்திருக்கிறேன். பாலம் ஏற மூச்சு வாங்காது.

அக்கா

சைக்கிள் பூட்டுக்குப் புதுச் சாவி ஆணியில் தொங்குகிறது.

இன்னொன்று. இந்தப் பல்சக்கரத்தில் சமதரையில் எவ்வளவு மிதித்தாலும் வேகம் வராது. என்றைக்காவது கடைப் பக்கமாக வந்தால் மெதுவாகத்தான் கடப்பாய். நான் தெருவைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பேன்.