பர்ஸ் இருந்த பக்கம்

12.1.1996, வெள்ளி
பேரன் கிருபாசங்கருக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பேத்தி லோகப்பிரியா மெட்ராஸ் காலேஜில் முதல் ரேங்க். மூன்றாவது படிக்கும் சின்னப் பேத்தி வர்ஷினிக்கு மாறுவேடப் போட்டியில் சோப்பு டப்பா பரிசு. காரமடையில் இதை என் வாயால் கேட்காத ஆள் இல்லை. ஐந்தாவதோடு நின்றவள் நான், பெருமைப்படாமல் என்ன செய்வேன்?

லோகுவின் போட்டோ பர்ஸுக்குள், பர்ஸ் ரவிக்கைக்குள், இடது பக்கம். வெகுநாள் பழக்கம். இன்று அந்த இடத்தில் கெட்டியாக என்னமோ தட்டுப்பட்டது. பர்ஸ் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருக்கும். வலி இல்லை.

13.1.1996
பர்ஸை வலது பக்கம் மாற்றிக்கொண்டேன்.

2.2.1996, வெள்ளி
காய்ப்பு கரையவில்லை. எண்ணெய்க் குளியலுக்கு முதுகு தேய்க்க வந்த மருமகள் ராமாமணி கையை நிறுத்தினாள். "ஏனுங் அத்தை, இங்க மாருல குழி உழுந்திருக்குதுங்களே?"

பர்ஸ் அழுத்தின காய்ப்பு என்றேன்.

"மாட்டுக் கழுத்துல நுகத்தடி காய்ச்சாப்பலயாக்கும்?" என்று சிரித்தவள், தொட்டுப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டாள். டாக்டரிடம் போகலாம் என்றாள். மாசித் தேர் முடியட்டும் என்றேன். "தேரு வருசா வருசம் வருமுங்க அத்தை."

கோபம் வந்தது. வலிச்சாத்தானே சீக்கு? இந்த வயசுல ரவிக்கையைக் கழட்டி யாருகிட்டக் காட்டறது?

7.2.1996
கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. நல்லவேளை, பெண் டாக்டர். இரண்டு தகட்டுக்கு நடுவே மார்பை அமுக்கி எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தார்கள். எல்லாக் கட்டியும் கெட்டதாக இருக்காதாம். "ஆனா வலிக்கலைன்னு மட்டும் விட்டுறக்கூடாதுங்கம்மா" என்றார் டாக்டர்.

16.2.1996
புற்றுநோய்.

எழுதிவிட்டேன். டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். சிலருக்குப் பால்குழாய்க்குள்ளேயே கிடக்குமாம். எனக்குக் குழாயை உடைத்து வெளியே வந்துவிட்டதாம்.

"வாய்க்கால் உடைஞ்சாப்பலீங்களா?"

"ஆமாங்கம்மா. அக்குள்ல நெறி கட்டுமே, அது வரைக்கும் பாஞ்சிருக்கான்னு ஆபரேசன்லதான் தெரியும்."

மார்பை எடுக்க வேண்டும். என் மகன் பால் குடித்த மார்பு — எடுத்துத்தான் ஆகணுமா? ராமாமணி பஸ்ஸில் வீடு வரைக்கும் என் கையை விடவில்லை.

26.2.1996
நாளை ஆபரேசன். பர்ஸை ராமாமணியிடம் கொடுத்தேன். தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

5.3.1996
ஊரில் தேர். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில். நெறியில் ஒன்றும் இல்லையாம், பாயவில்லை! மாத்திரைக்கு அடங்குகிற வகைதானாம். ஐந்து வருசம் தினமும் ஒன்று விழுங்க வேண்டும். ராமாமணி அழுதாள். நான் அழவில்லை — பொய். அழுதேன்.

இன்னும் கட்டுப் பிரிக்கும்போது குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

9.5.1996
ராமாமணிக்கும் நாற்பது தாண்டிவிட்டது, அவளும் எக்ஸ்ரே எடுக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று கூப்பிட்டால், "எனக்கென்னங்க அத்தை, வலியா ஒண்ணா?" என்கிறாள்.

"எனக்கும் வலிக்காமத்தான் இருந்துச்சு. நட அம்மணி!"

அவள் உள்ளே போனதும், கருப்பராயனுக்குக் கிடாய் வெட்டுவதாக வேண்டிக்கொண்டேன். எனக்காகக்கூட இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

17.5.1996, வெள்ளி
ராமாமணிக்கு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் என் ரவிக்கைக்குள் பஞ்சு வைத்து ஒரு பை தைத்துக் கொடுத்தாள். பர்ஸ் மறுபடியும் இடது பக்கம் வந்துவிட்டது. பள்ளத்தில் அம்சமாக உட்காருகிறது. கண்ணாடியில் பார்த்தேன் — முதல் தடவையாக.

உள்ளே இருந்த போட்டோதான் வேர்வை பட்டு மூக்கும் முழியும் அழிந்துகிடக்கிறது. லோகுவுக்குக் கடிதம் போட வேண்டும்: கண்ணு, மாதம் ஒருதரம் குளிக்கும்போது மார்பைத் தடவிப் பார், என்ன தட்டுப்பட்டாலும் உங்கம்மாவிடம் சொல். அப்புறம், புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. சிரிச்சாப்பல இருக்கட்டும்.