மூலையில் பதித்த பெட்டகம்

என் செல்லத் தடியனுக்கு,

நீ இதைப் படிக்கிறாய் என்றால் பெட்டகத்தைத் திறந்துவிட்டாய். கடப்பாரை தேவைப்பட்டிருக்காது.

இதைப் பதிக்க வந்தவர் கெட்டிக்காரர். படுக்கையறை அலமாரிக்குள் வைக்கலாம் என்றேன். "திருடன் முதல்ல அங்கதான் சார் கை வைப்பான்" என்று ஸ்டோர் ரூம் மூலையைக் காட்டினார். இரண்டு பக்கமும் சுவர் இருந்தால் கடப்பாரை போட்டு நெம்ப இடமிருக்காதாம். தரையைத் துளைத்து நாலு போல்ட் முடுக்கினார். "இனி வெளியாள் எவனும் அசைக்க முடியாது" என்றார். வெளியாளைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? நான் தலையாட்டி வைத்தேன்.

திறக்கும் எண்ணாக உன் பிறந்த நாளைச் சொன்னேன். "ஐயோ, பிறந்த நாள் மட்டும் வேணாம் சார், அதைத்தான் முதல்ல போட்டுப் பார்ப்பாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் மாற்றவில்லை. நீ போனை எடுப்பதில்லை. நான் வேலைக்குப் போன பிறகுதான் வீட்டுக்குள் வருகிறாய். உன்னிடம் பேச எனக்குக் கிடைத்த இடம் இது ஒன்றுதானடா.

போன தடவை நீ போதைக்காக எடுத்துப்போனது, படுக்கையில் கிடக்கும் அம்மாவின் வலி மாத்திரை. மூன்று நாள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்ங்க" என்று என்னிடமே சாதித்தாள்.

இந்தப் பெட்டகத்தில் மாத்திரை இல்லை. அவள் தலைமாட்டில், மூடாத டப்பாவில் இருக்கிறது. அங்கே வைக்கச் சொன்னதும் அவள்தான். வேண்டுமென்றால் போய் எடுத்துக்கொள். அவள் முழித்துத்தான் இருப்பாள்.

அப்பா