மாட்டின் மூச்சில் கலந்த மூட்டம்

அக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பிள்ளை தூங்கின பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. இரண்டு வருடமாக ஒரு வரி கூட எழுதாமல் இருந்ததற்கும் சேர்த்தே மன்னிக்க வேண்டும்.

இன்று மழை விட்டதும் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் யாரோ தேங்காய் மட்டையைக் கொளுத்தினார்கள். ஈர மட்டை, எரியாமல் புகைந்துகொண்டே கிடந்தது. அந்த வாடை உள்ளே வந்ததும், துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேருவில் உங்கள் மாட்டுக் கொட்டகை, பக்கத்துப் பலா மரம், அதன் கிளையில் ஆடிய என் மகளின் தொட்டில், எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன.

மேய்கிற பால் மாடுகள் விடும் மூச்சில் மீத்தேன் என்ற வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வந்திருக்கிறேன் என்று முதல் நாள் நான் சொன்னபோது, உங்கள் வீட்டுக்காரரான அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பால அளப்பாங்க, தெரியும். இது என்னா லா, ஏப்பத்த அளக்குறது? அதுக்குப் படிப்பு வேறயா?"

நீங்கள் சிரிக்கவில்லை. "மாட்டுக்கு வலிக்குமா?" என்று மட்டும் கேட்டீர்கள். வலிக்காது என்றேன். ஒரு விரல் நீளக் குழலை மாடு விழுங்க வேண்டும். அது வயிற்றில் கிடந்து, நமக்குத் தெரிந்த அளவில் வேறொரு வாயுவைக் கசியவிடும். தலைக்கயிற்றில் மூக்குக்கு மேலே ஒரு மெல்லிய குழாய், கழுத்தில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கலம். ஒரு நாள் முழுக்க மாடு விடும் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேரும். இரண்டு வாயுவையும் ஒப்பிட்டால் மீத்தேன் கணக்கு வந்துவிடும். அந்தக் கலத்தை நீங்கள் 'தோங்' என்பீர்கள். "செவலைக்குத் தோங் மாட்டியாச்சா?" என்று நீங்கள் கேட்டுக் கேட்டு, என் டாக்டரிடமே ஒரு தடவை தோங் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் என்றால் என் ஆராய்ச்சிக்குப் பொறுப்பானவர். "ஐந்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு வெளிவேலை முடியுமா?" என்று அவர் கேட்டதற்கு, மாமியார் பார்த்துக்கொள்வார் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். ஐந்து நாள் அளவெடுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் மாமியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒரு தோளில் பால்புட்டிப் பை, இன்னொரு தோளில் நோட்டுப் பை, இடுப்பில் பிள்ளையோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஏன், எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீங்க மாட்டப் பாருங்க. இவள நான் பாக்குறேன்" என்றீர்கள்.

எனக்கோ எதைப் பார்த்தாலும் பயம். டிங்கிக் காய்ச்சல் பற்றி ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த சமயம். ஒரு கொசு பிள்ளை மேல் உட்கார்ந்தால் எனக்கு உயிரே போய்விடும். முதல் நாளே, "அக்கா, கொசுவா இருக்கே, ஏதாச்சும் பண்ணுங்களேன்" என்று கேட்டது நான்தான். மாட்டுக் கொட்டகையில் பொழுது சாயும்போது போடும் மூட்டத்தை நீங்கள் அன்றிலிருந்து மத்தியானமே பலா மரத்தடியில் போட்டீர்கள். மட்டையும் காய்ந்த சாணியும் கனிந்து, மெல்லிய புகை தொட்டிலைச் சுற்றிப் போகும். பிள்ளை நிம்மதியாகத் தூங்கியது. செம்பனை மரங்களுக்கு இடையே மாடுகளின் பின்னால் நோட்டோடு நடக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பேன். புகை தெரிந்தால் மனசு அடங்கும்.

நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். எந்த மாடு எங்கே மேய்ந்தது, எத்தனை மணிக்கு மழை, எப்போது அசை போட்டது. மூட்டத்தை மட்டும் எழுதவில்லை. அது பிள்ளை காரியம், வேலைக் காரியம் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து கணக்கு வந்தது. மாட்டின் மூச்சில் சேரும் வெறுங்காற்றிலும் கொஞ்சம் மீத்தேன் இருக்கும். அதைக் கழிப்பதற்காக, மாடுகளை விட்டுத் தள்ளி ஒரு கலத்தை நான் தனியாகத் தொங்கவிட்டிருந்தேன். அந்தக் கலத்தில் மாட்டின் மூச்சில் இருக்கும் அளவுக்கே மீத்தேன் இருந்தது. கழித்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை. கலம் கசிகிறதா, கருவி கெட்டதா என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டார். உங்களைப் பார்க்கப் பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கலத்தையும் நான் பலா மரத்தில்தான் தொங்கவிட்டிருந்தேன், தொட்டிலுக்கு நேர் மேலே. சாணி புகைந்தாலும் மீத்தேன் வரும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினவள் நான்.

உங்கள் வாசலில் அழுதுகொண்டே அதைச் சொன்னேன்.

"அப்ப என் மாடு மூச்சே விடலன்னா சொல்றாங்க?" என்றீர்கள். அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணன் ஒரு வழி சொன்னார். "எவனோ குப்ப எரிச்சான்னு சொல்லிடுங்க லா. யாரு வந்து பாக்கப் போறா?"

நானும் பஸ்ஸில் அதைத்தான் யோசித்திருந்தேன். மூட்டத்தைச் சொன்னால் தொட்டிலைச் சொல்ல வேண்டும். தொட்டிலைச் சொன்னால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது தெரிந்துவிடும். பிறகு இந்த வேலையும் என் படிப்பும் யார் கைக்குப் போகுமோ?

நீங்கள் அண்ணனை ஒரு பார்வை பார்த்தீர்கள். "எவனோ எரிச்சான்னு சொன்னா, அடுத்த தடவையும் அந்த எவனோ வருவான். அப்ப என்னா பண்ணுவாங்க?" பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ள வச்சிருக்கிறது திருட்டா, தங்கச்சி? மூட்டத்த எழுதுங்க. பிள்ளையையும் எழுதுங்க" என்றீர்கள்.

மறுநாள் டாக்டர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தை நகர்த்தி, "வரைந்து காட்டு. தொட்டில் எங்கே, கலம் எங்கே, காற்று எந்தப் பக்கம்?" என்றார். வரைந்தேன். கொஞ்சம் திட்டினார், பிள்ளைக்காக இல்லை, நோட்டுக்காக. கலங்கள் இரவல் வாங்கினவை, மாதக் கடைசியில் திருப்பியனுப்ப வேண்டும். அதற்குள் இன்னொரு ஐந்து நாள் அளக்க முடிந்தால் சரி என்றார்.

ஆனால் நீங்கள் இருந்த நிலத்தில் ஃபேக்டரி வருகிறது என்று நோட்டீஸ் வந்திருந்தது. மாடுகளுக்கு விலை பேசி முடித்தாயிற்று. வெள்ளிக்கிழமை லோரி வருவதாக ஏற்பாடு. டாக்டர் சொன்னதை மட்டும் உங்களிடம் சொன்னேன், மாடுகளை நிறுத்தி வையுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாடு வாங்குகிறவர் வந்தபோது நீங்களே வேலியருகில் நின்று பேசினீர்கள்.

"அடுத்த வாரம் வாங்க அண்ணே. மாட்டுக்கு வேல இருக்கு."

"மாட்டுக்கு என்னாம்மா வேல?"

"மூச்சு விடுற வேல. முடியட்டும், ஏத்திக்கிட்டுப் போங்க."

அந்த ஐந்து நாளும் மூட்டம் இல்லை. பிள்ளை உங்கள் வீட்டுக்குள் கொசுவலையில் தூங்கினாள். மாடுகள் கொசுக்கடியில் காலை உதறிக்கொண்டே நின்றன. ஐந்து சாயங்காலமும் நீங்கள் ஒரு பழைய கைலியைக் கையில் வைத்துக்கொண்டு, செவலையிலிருந்து கடைசி மாடு வரை மாறி மாறி வீசினீர்கள். உங்கள் கையெல்லாம் தடித்துப் போயிருந்தது. மருந்து போடட்டுமா என்றேன். "எழுதுற வேலயப் பாருங்க" என்று விரட்டினீர்கள்.

கணக்கு சரியாக வந்தது. அதைச் சொல்ல ஒரு மாதம் கழித்து ஓடி வந்தேன். கம்பி வேலி போட்டிருந்தார்கள். கொட்டகையும் இல்லை, பலா மரமும் இல்லை. இவ்வளவு நாளும் உங்களிடம் ஒரு விலாசம் கேட்டு வைக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. போன வாரம் தவிடு விற்கும் கடைக்காரர், நீங்கள் பீடோர் பக்கம் அம்மா வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அந்தப் பக்கம் போகும் தன் லோரிக்காரர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பயம் எனக்கு இன்னும் போகவில்லை, அக்கா. பிள்ளை தும்மினால் எழுந்து உட்காருகிறேன். ஆனால் இப்போது என் வேலை நோட்டில் "பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு மணி நேரம் தாமதம்" என்று மழைக்குப் பக்கத்திலேயே எழுதுகிறேன். எழுதும்போது ஒளிக்கத் தோன்றுவதில்லை. அது நீங்கள் கொடுத்தது.

என் ஆய்வேடு முடிந்துவிட்டது. முதல் பக்கத்தில் நன்றி சொல்ல வேண்டும். டாக்டர் பெயர் போட்டேன், ஆய்வுக்கூடத்துக்காரர் பெயர் போட்டேன். மாட்டுக்குச் சொந்தக்காரர் என்ற இடத்தில் கையெழுத்து வாங்கிய பாரத்தில் இருந்தபடி அண்ணன் பெயரைப் போட்டேன். உங்களுக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. என் பிள்ளையை உங்கள் கையில் கொடுத்தேன், உங்கள் சோற்றைச் சாப்பிட்டேன், ஒரு நாள் கூட உங்கள் பெயரைக் கேட்கவில்லை. அக்கா என்று கூப்பிட்டே காலம் போய்விட்டது. வெறும் 'மேரு அக்கா' என்று அச்சில் போட எனக்கு மனசு வரவில்லை.

இந்த மாதக் கடைசியில் பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் முழுப் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அந்த லோரிக்காரரிடமே கொடுத்தனுப்புங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள், அக்கா.