வாசிக்கப்படாத அறிவித்தல்

மொன்றியல்
12.10.2024

அன்புள்ள தம்பி கிருபானந்தனுக்கு,

நாங்கள் நல்ல சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். தொலைபேசியில் சொன்னால் குறுக்கே பேசுவாய். ரொறன்ரோ வானொலியில் உனக்கு அதுதானே தொழில். அதனால் எழுதுகிறேன். கடைசிவரை வாசி.

ஜான்-டலோன் சந்தையில் என்னோடு காய்கறி அடுக்கும் ஹனானின் தாய் காசாவில் குண்டுவீச்சில் இறந்துபோனார். நம்மவர்களுக்குச் செய்வதுபோல மரண அறிவித்தல் எழுதி உனக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை வாசிக்கிறேன் என்றாய். தாயின் பெயராவது விளங்கும் என்று ஹனானும் வானொலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

நீயோ இஸ்ரேலுக்கு ஒரு ஆய்வாளர், பாலஸ்தீனத்துக்கு ஒரு ஆய்வாளர் என்று பிடித்துவைத்து ஒரு மணி நேரம் மல்லுக்கட்ட விட்டாய். இன்னும் வரவில்லையா என்று ஹனான் மூன்று முறை கேட்டாள். நேரம் முடிந்தது, பெயர் வரவேயில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மொன்றியலில் ஒருவருடைய தாய் காசாவில் செத்தார் என்று தொடக்கத்தில் பெயரில்லாமல் நீ சொன்னதைக் கேட்டு, நடுவில் பிரம்டனிலிருந்து ஒரு அம்மா தொலைபேசி எடுத்தார். "செத்தவவுக்கு எத்தினை வயசு தம்பி? அந்த வீட்டுக்கு ஆராவது சாப்பாடு குடுத்தவையோ?" என்று கேட்டார். "அது பேந்து கதைப்பம். நீங்கள் எந்தப் பக்கம்?" என்றாய். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இங்கே சந்தையிலும் அந்த அம்மாவைப்போலத்தான் கேட்கிறார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களே என்று நான் ஹனான் வீட்டுக்குச் சோறும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டுபோனேன். வாசலில் பக்கத்துக் கடை மிரியம், அவர்கள் வழக்கத்தில் செத்த வீட்டுக்குக் கொடுக்கும் அவித்த முட்டைகளோடு நிற்கிறாள். யூதப் பெண், அக்காவின் மகனை இஸ்ரேலில் பறிகொடுத்தவள். அவளுக்கும் ஹனானுக்கும் ஒத்துவராத கதை நிறைய. ஒரு வருடமாக முகம் பார்ப்பதில்லை. அன்று ஹனான் இரண்டு கைகளாலும் பாத்திரத்தை வாங்கினாள்.

வன்னிப் போரில் எங்கள் அம்மா இறந்த கிழமை, எத்தனை பேர் செத்தார்கள் என்று தொலைக்காட்சியில் இரண்டு பேர் வாதாடினார்கள். எழும்பிப்போய் அதை நிறுத்தியவன் நீதான். "அம்மான்ரை பேரை ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா" என்று என் மடியில் கிடந்து அழுதாய்.

எனக்கும் ஒரு பக்கம் உண்டு. அதைச் சொல்ல வேறு நாள் இருக்கிறது. வரும் வெள்ளி நீ வாசிப்பாய் என்று ஹனானிடம் சொல்லிவிட்டேன். நீ வாசிப்பாய், எனக்குத் தெரியும். முன்னும் பின்னும் ஒரு சொல் சேர்க்காதே:

காசாவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சமீரா, வயது 71, மொன்றியலில் வசிக்கும் ஹனானின் அன்புத் தாயார், காலமானார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்.

அம்மாவின் ஆசீர் உனக்கு எப்போதும் உண்டு.

உன் அக்கா,
புஷ்பவதி