தண்ணீர் விடாமல் துடைத்த டாக்சி

என் மச்சான் செல்வத்துக்கு,

நீ போன பிறகு பூட்டிக் கிடந்த நம்ம மெக்கானிக் ஷெட்டை மறுபடி திறந்துட்டாங்க. மாமல்லபுரம் போகிற டூரிஸ்ட் வண்டிகள் பழையபடி வந்து நிற்குது. உன்னை ஷாக் அடித்துக் கொன்ற வாட்டர் வாஷ் மெஷினும், தண்ணீர் பீய்ச்சுகிற அதன் கன்னும் அதே மூலையில்தான் இருக்குது. பெயின்ட் மட்டும் புதுசு.

"ஒயரு மாத்தியாச்சு யூசுப்பு, கன்ன புடி" என்றார் முதலாளி.

"எர்த் போட்டீங்களா?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்ப நானும் அப்புறம் புடிக்கிறேன்."

அன்றைக்கு மதுராந்தகத்திலிருந்து ஒரு அக்கா, தானே ஓட்டுகிற டாக்சியைக் கொண்டுவந்தார். ஆயில் எங்கிருந்தோ ஒழுகி, வண்டியின் அடிப்பக்கம் முழுக்க மண்ணோடு சேர்ந்து கெட்டிப்பட்டிருந்தது. துடைத்தால்தான் எங்கே ஒழுகுதுன்னு தெரியும். தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார் முதலாளி. நான் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சூடு ஆறியதும் அடியில் படுத்தேன். தகட்டால் சுரண்டினேன். கிரீஸ் எடுக்கிற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி, ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்தேன். பிரேக் பக்கம் மருந்து படாமல் பார்த்துக்கொண்டேன். கண் எரிந்தது. அது மருந்தால்தானா மச்சான்?

முதலாளி குனிந்து பார்த்தார். "ஒரு வண்டிக்கு இவ்ளோ நேரமா? உன் சிநேகிதன் ஈரக் கையோட மெஷின தொட்டான், அவன் விதி. அதுக்கு நீ இன்னாத்துக்கு இப்டி பண்ணிகினு கீற?"

நான் வெளியே வந்தேன். "வண்டி கழுவுறவன் கை ஈரமா இல்லாம வேற எப்டி இருக்கும்? எர்த் இல்லாததுக்குப் பேரு விதியா?"

பக்கத்து வண்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நம்ம ஷெட்டு குமார், கன்னைக் கீழே வைத்துவிட்டு ஒரு பிரஷ்ஷோடு என் பக்கத்தில் வந்து படுத்தான். டாக்சி அக்கா சொன்னார்: "நான் வெயிட் பண்றேன் தம்பி. மெதுவா துடைங்க."

துடைத்து முடித்து இன்ஜினை ஓடவிட்டோம். ஆயில் தேங்குகிற சம்ப் ஓரத்தில் ஒரு சொட்டு மெல்ல உருண்டு வந்தது. கசியாமல் அடைக்கிற பேக்கிங் போயிருந்தது. மாற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எவனும் அந்தக் கன்னைத் தொடவில்லை. வேறு வழியில்லாமல் முதலாளி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். எர்த் போட்டாச்சு. நீ உயிரோடு இருக்கும்போதே போட்டிருக்க வேண்டியது. அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை.

உன் மேரி, என் கூடப் பிறக்காத தங்கச்சி, முதலாளி மேல் கேஸ் போட்டிருக்குது. சாட்சிக்குப் போனால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். போகட்டும். செங்கல்பட்டு கோர்ட்டில் கூண்டேறி, நான் பார்த்ததை ஒன்று விடாமல் சொல்வேன். நீ கவனக்குறைவாக இருந்தாய் என்று யார் எழுதியிருந்தாலும், உன் மகள் அதை நம்பி வளர விடமாட்டேன்.

இப்படிக்கு,
மேரிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
யூசுப்