அப்பா அனுப்பிய ஈரம் உறிஞ்சும் மெஷின்

இலஞ்சி,
மார்கழி மாதம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூத்த மகள் மங்களேஸ்வரி எழுதுவது. அம்மா சுகமாக இருக்கிறாள். தங்கச்சி நிவேதாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

போனில் பேசும்போது பெரியப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவர் இல்லாவிட்டாலும் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஜாஹிரா அக்காவின் வீட்டுக்காரர் சலீம் அண்ணன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார். அம்மா உங்களுக்குக் கொடுத்தனுப்பும் முறுக்கு டப்பாவின் அடியில் இதை வைத்துவிடுகிறேன். எண்ணெய் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய மெஷின் வந்து சேர்ந்தது. பெரியப்பா அதை ஹாலில் வைத்து, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தம்பி மஸ்கட்டிலிருந்து அனுப்பியது என்று பெருமையாகச் சொல்கிறார். அது காற்றில் இருக்கும் ஈரத்தை நன்றாகத்தான் உறிஞ்சுகிறது. சாயங்காலத்துக்குள் அதன் தொட்டி நிறைந்துவிடும். அந்தத் தண்ணீரை எடுத்துக் குளியலறையில் ஊற்றுவது என் வேலை. கொல்லைக்குப் போய் முருங்கையின் தூரில் ஊற்ற எனக்கு அனுமதி இல்லை. குளியலறைக்கும் காற்றுப் போக வழி இல்லாததால், ஊற்றிய ஈரம் அங்கேயே நின்று மறுபடி வீட்டுக்குள் வருகிறது. மெஷின் அதை மறுபடி உறிஞ்சுகிறது. நானும் மெஷினும் இப்படித்தான் பொழுதைப் போக்குகிறோம்.

மஸ்கட்டில் இருப்பது மாதிரியே இருக்க வேண்டும் என்று பெரிய பெரிய கண்ணாடி போட்டு வீடு கட்டினீர்கள். காலையில் எழுந்தால் எல்லாக் கண்ணாடியிலும் உள்பக்கம் தண்ணீர் வடிகிறது. சுவர் வேர்க்கிறது. பீரோவுக்குப் பின்னால் கருப்பாகப் பூத்திருக்கிறது. என் பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களை அங்கேதான் வைத்திருந்தேன். இப்போது பக்கங்கள் பிரிவதில்லை. இனி யாரும் பிரிக்கப்போவதுமில்லை. மழைத் தண்ணீர் இறங்குகிறது என்று பெரியப்பா வெளிச்சுவருக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தார். மழை உள்ளே வரவில்லை, அப்பா. சோறு வடிக்கிற ஆவி, கொடியில் காய்கிற ஈரத்துணி, நாங்கள் மூன்று பேர் விடுகிற மூச்சு, இவையெல்லாம் வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்கின்றன.

ஏன் வழியில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆடிச் சாரலின்போது நான் சன்னலோரம் நின்றேன். எதிரே ஒர்க் ஷாப்பில் வண்டி கழுவிக்கொண்டிருந்த சுபாஷ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான் என்று பெரியம்மா சொன்னாள். அவன் பேர் சுபாஷ் என்பதே பெரியப்பா என்னை அடித்தபோதுதான் எனக்குத் தெரியும். அவன் எந்தத் தெரு, என்ன ஆள் என்பதும் அந்த அடியிலேயே தெரிந்தது. நான் மழையைத்தான் பார்த்தேன். மறுநாள் எல்லா சன்னலுக்கும் ஸ்குரு முடுக்கினார்கள். சமையலறையில் புகை போகிற ஓட்டைக்குப் பலகை வைத்து அடைத்தார்கள். மொட்டைமாடியில் பூட்டுத் தொங்குகிறது, அதனால் துணியெல்லாம் ஹாலில் காய்கிறது. பள்ளிக்கூடத்தையும் அதே வாரத்தில் நிறுத்தினார்கள். நீங்கள் போனில், அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றீர்கள்.

நிவேதாவுக்கு ஐப்பசியில் இருமல் பிடித்தது. பிறகு இளைப்பு. தென்காசியில் டாக்டரிடம் காட்டினோம். அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டில் சுவர் வேர்க்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றாள் அம்மா. சன்னலைத் திறந்து போடுங்கள், சமைக்கிற ஆவி வெளியே போகட்டும், துணியை வீட்டுக்குள் காயப்போடாதீர்கள் என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அம்மா தலையாட்டினாள். ஆட்டோவில் திரும்பும்போது நிவேதாவைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெரியப்பாவிடம் சொன்னதற்கு, "டாக்டருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்க வேண்டியது நாம்லா" என்றார். பிறகுதான் நீங்கள் மெஷின் அனுப்பினீர்கள்.

போன வாரம் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்றது, மூச்சுக்கு மருந்து பிடிக்கிற கருவியும் ஓடவில்லை. நிவேதாவுக்கு விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். காற்றில் போய் நின்றதும் பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஜாஹிரா அக்கா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நான் வாசல்படி வரை போய் நின்றுவிட்டேன். பெரியம்மா அவள் வீட்டு நடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு நீங்களும் பெரியப்பாவும் பேசினீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா சொன்னார்: "ஏலே, இன்னும் ஒரு வருசந்தான். அவளுக்குப் பதினெட்டு முடியட்டும். கடையத்துப் பையன் கையில பிடிச்சுக் குடுத்துட்டா, பெறகு சன்னலென்ன, கதவையே கழத்திப் போட்டுக்கிடலாம்."

நீங்கள் சிரித்தீர்கள், அப்பா. அந்தச் சிரிப்பு ஹால் முழுக்கக் கேட்டது.

நிவேதாவும் கேட்டிருக்கிறாள். மறுநாள் என் மடியில் படுத்து மருந்து பிடித்துக்கொண்டிருந்தவள், முகமூடியை விலக்கிவிட்டுக் கேட்டாள்: "நீ போனாத்தான் சன்னலைத் தொறப்பாவளா? நீ எப்பக்கா போவ?"

இரண்டாம் வகுப்புப் பிள்ளை. மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை. அவளுக்கு மூச்சு வேண்டும், அவ்வளவுதான். சீக்கிரம் போயிருவேன் என்று சொல்லி முகமூடியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். கடையத்துக்காரரைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதம். அவர் போட்டோவை நான் பார்க்கவில்லை, காட்ட வேண்டாம். ஆனால் ஒரு வருஷம் நிவேதா தாங்கமாட்டாள். எனவே பெரியப்பாவுக்கு இப்போதே போன் செய்து ஸ்குருவைக் கழற்றச் சொல்லுங்கள். சமையலறை ஓட்டையைத் திறக்கச் சொல்லுங்கள். நான் நெல் மூட்டை போட்டிருக்கிற பின்னறையில் இருந்துகொள்கிறேன். அந்தச் சன்னலை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அந்த ஒரு அறை வேர்த்தால் போதும். அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் விடமாட்டாள்.

கழற்றிய ஸ்குருவைப் பெரியப்பா பத்திரப்படுத்தி வைப்பார். அவருக்கு எதையும் தூரப் போட்டுப் பழக்கமில்லை. நிவேதாவும் வளருவாள், அவளுக்கும் மழை பார்க்கப் பிடிக்கும். நீங்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த ஸ்குருவையெல்லாம் வாங்கி உங்கள் கையாலேயே எங்காவது போட்டுவிடுங்கள். நான் உங்களிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

அங்கேயும் இப்போது குளிர்காலம் என்று சலீம் அண்ணன் சொன்னார். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறீர்களாம், துணியும் உள்ளேதான் காய்கிறதாம். உங்களுக்கும் நெஞ்சுச் சளி உண்டு. காலையில் கண்ணாடியில் தண்ணீர் வடிந்தால் துடைத்துவிட்டு, சன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள், அப்பா. அங்கே உங்களை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இலஞ்சிக் குமாரர் துணையிருக்கட்டும்.

உங்கள் மகள்,
மங்களேஸ்வரி